குழந்தையின் எடை தலைவிதியா?

(சத்துவாச்சாரியில் தாய்மார்களும் தொழிலாளத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகளின் எடை என்பதாகும். இதைக் கேட்டவுடன், "சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேச ஒன்றுமில்லாமல் போய், சுயமரியாதைக்காரர்கள் இப்போது பிள்ளைகளை நிறுக்க வந்துவிட்டார்களோ?" என்று சிலர் பரிகாசம் செய்யக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவதென்னவென்றால், ஒரு குழந்தை மெலிந்து கிடக்கிறபோது அதற்குக் காரணம் என்னவென்று நம் ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் சாமி இருக்கிறது, பேய் இருக்கிறது, தீட்டு இருக்கிறது, தலையெழுத்து இருக்கிறது. ஆகாரம் ஒன்றுதான் இருப்பதில்லை. ஆகவே இது நமது வேலையேயொழிய வேறு யாருடைய வேலையுமல்ல.

தராசுக்கு ஏன் பயம்?

நமது பக்கம் தோல் பதனிடும் பக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் உலகத்து வியாபாரிகளுக்கெல்லாம் தெரியும். தோலைக் கையால் தடவியே அதன் தரத்தைச் சொல்லக்கூடிய தோழர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒரு தோல் எத்தனை சதுர அடி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மூட்டை வேர்க்கடலை எத்தனை கிலோ என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சந்தையில் வெள்ளாடு விற்கிறவன் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுகிறான். பக்கத்தில் திருமலைக்கோடியில் 2007ம் வருஷத்தில் திறந்த பொன் கோவிலில் 1,500 கிலோ தங்கம் என்று சின்னப் பையன்கூட ஒப்பிக்கிறான். ஆனால், "உங்கள் வீட்டுக் கடைசிக் குழந்தை போன மாதம் எத்தனை கிலோ, இந்த மாதம் எத்தனை கிலோ?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்ல முடியும்? தோலுக்குள்ள கணக்கு பிள்ளைக்கு இல்லையென்றால், நாம் எதை மதிக்கிறோம், எதை மதிக்கவில்லை என்பது அதிலிருந்தே விளங்கவில்லையா?

சிலர், "குழந்தையை நிறுத்தால் கண்பட்டுவிடும், நிறுத்த மறுநாளே இளைத்துப்போகும்" என்கிறார்கள். அங்கன்வாடிப் பெண் தராசை எடுத்தால் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளுகிற பாட்டிகள் இன்னமும் இருக்கிறார்கள். நல்லது, அப்படியானால் அதே குழந்தையை அதே பாட்டி கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் துலாபாரத் தட்டில் உட்கார வைத்து, எடைக்கு எடை வெல்லமும் வாழைப்பழமும் கொடுக்கிறபோது மட்டும் கண்படாதா? கோவில் தராசுக்கு ஒரு நியாயம், அங்கன்வாடித் தராசுக்கு ஒரு நியாயமா? கோவில் தராசில் நிறுத்தால் குழந்தையின் எடைக்குச் சரியான வெல்லம் அங்கேயே தங்கிவிடுகிறது. அங்கன்வாடித் தராசில் நிறுத்தால் குழந்தைக்கு என்ன ஆகாரம் வேண்டும் என்கிற சேதி வீட்டுக்கு வருகிறது. எந்தத் தராசு யாருக்காக வைத்திருக்கிறது என்று தாய்மார்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

எடை என்ன சொல்லுகிறது?

எடை என்பது அழகுப் போட்டிக்கு உரிய விஷயமல்ல. அது உடம்பு எழுதுகிற கணக்கு. பிறக்கிறபோது 2½ கிலோவுக்குக் குறைந்திருந்தால் அது எடை குறைந்த குழந்தை. பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்று இறங்குவது இயற்கை. இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப ஏறிவிடும். அதன் பிறகு சுமார் ஐந்தாவது மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கும், ஒரு வயதில் மூன்று மடங்கும், இரண்டு வயதில் ஏறக்குறைய நான்கு மடங்கும் ஆகவேண்டும். ஐந்து வயதில் சுமார் 18 கிலோ இருக்கும். ஆண் பெண் பேதத்தாலும், தாய் தகப்பன் உடல்வாகாலும் சிறிது முன்பின் இருக்கலாம். ஆகையால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

தாய் சேய் நல அட்டையில் கட்டம் போட்டுக் கோடு வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாதம் ஒரு முறை நிறுத்து அதில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால், கோடு மேலே ஏறினால் நலம், படுத்துக்கொண்டால் எச்சரிக்கை, கீழே இறங்கினால் ஆபத்து. இதைப் படிக்க ஜோசியனும் வேண்டியதில்லை, பஞ்சாங்கமும் வேண்டியதில்லை. ஜாதகக் கட்டத்தைப் பத்திரமாய்ப் பெட்டியில் பூட்டி வைக்கிற நாம், பிள்ளையின் உயிரைச் சொல்லும் இந்தக் கட்டத்தை மளிகைச் சீட்டோடு சேர்த்துப் போட்டுவிடுகிறோம்.

தராசு கிடைக்காத இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளந்தால் 12½ செண்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 11½க்குக் கீழே போனால் கடும் மெலிவு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். காலும் முகமும் வீங்கிய குழந்தையைப் பார்த்து, "பிள்ளை தேறிவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள். அது நீரே தவிர சதையல்ல. அதுவும் ஆஸ்பத்திரிக்கு உரியதேயாகும்.

தோஷமும் சவலையும்

இனி மெலிவுக்கு நம்மவர்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். குழந்தை இளைத்தால் "தோஷம்" என்கிறார்கள். வீட்டுக்குத் தூரமான ஸ்திரீ தொட்டுவிட்டாளாம், பட்சி பறந்துவிட்டதாம், யாரோ பெருமூச்சு விட்டார்களாம். இதற்குத் தாயத்து, மந்திரிப்பு, வேப்பிலை அடிப்பு, தொக்கம் எடுப்பு, தெருவில் கொண்டு வரும் கழுதைப்பால் முதலிய பரிகாரங்கள். இந்தப் பரிகாரங்களில் ஒன்றுகூட இலவசமல்ல என்பதையும், குழந்தை பிழைத்தால் மந்திரம் பலித்தது, செத்தால் விதி முடிந்தது என்று எந்தப் பக்கம் விழுந்தாலும் மந்திரவாதிக்கு மட்டும் நஷ்டமில்லாதபடி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அதோடு, தோஷம் என்று சொல்லி ஒரு பெண்ணின் தீட்டின்மேல் பழியைச் சுமத்துவதால், பிள்ளையும் மெலிகிறது, பெண்ணும் இழிவுபடுகிறாள்.

நம் முன்னோர்கள் "சவலைப் பிள்ளை" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அடுத்த குழந்தை வயிற்றில் தங்கினவுடன் முதல் குழந்தை பால் மறந்து, வயிறு பெருத்து, கைகால் சூம்பிப் போவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். இது நம் தேசத்துக்கு மாத்திரம் உரியதல்ல. ஆப்பிரிக்காவில் அன்று கோல்ட் கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட, இப்போது கானா என்கிற நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற ஸ்திரீ வைத்தியர், 1933ம் வருஷத்தில் இதே மாதிரியான குழந்தைகளைப் பற்றி எழுதி, 1935ல் அந்த நாட்டு ஜனங்கள் சொல்லும் 'குவாஷியார்க்கர்' என்ற பெயரையே அந்த வியாதிக்கு வைத்தார். அடுத்த குழந்தை வந்ததால் முதல் குழந்தைக்கு வரும் வியாதி என்பதுதான் அதன் பொருள். சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள ஜனங்களும் நம்மைப் போலவே கண்டார்கள். நம்மைப் போலவே காரணத்தை முதலில் தவறாய் நினைத்தார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தை வெளியிலிருக்கும் குழந்தையின்மேல் பொறாமைப்பட்டுச் சபிப்பதில்லை. பால் நின்றுபோனதும், அந்த இடத்துக்குப் பருப்பும் முட்டையும் வராமல் வெறும் கஞ்சித் தண்ணீர் வந்ததும், அதோடு வயிற்றுப்போக்கும் அம்மையும் சேர்ந்துகொண்டதும்தான் காரணம். பெரியார் அவர்கள் 1930ம் வருஷத்தை ஒட்டிய நாளிலேயே கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசியபோது கலிகாலம் என்று காதைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. பெண்ணின் விடுதலைக்காக அவர் சொன்ன அந்த யோசனை, கைக்குழந்தையின் எடைக்கும் மருந்தாகும் என்பதை இன்று எந்த வைத்தியரும் ஒப்புக்கொள்ளுவார். இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் மூன்று வருஷமாவது இருந்தால் சவலை என்ற வார்த்தையே அகராதியோடு நின்றுபோகும்.

குழந்தை பிறந்தவுடன் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சி எறிந்துவிட்டு, சேனை வைக்கிறோம் என்று தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் நாக்கில் தடவுகிறார்கள். அந்தச் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. தேனோ ஒரு வயது ஆகும் வரையில் குழந்தைக்கு ஆகவே ஆகாது. ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஆறு மாதம் முடிந்த மறுநாளே குழைத்த சோறும், பருப்பும், மசித்த கீரையும், அவித்த முட்டையும் கொஞ்சம் கொஞ்சமாய் ஆரம்பிக்க வேண்டும். "நல்ல நாள் வரட்டும், கோவிலில் சோறூட்டலாம்" என்று எட்டு மாதம், பத்து மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பசிக்கு ராகுகாலம் இல்லை. வளர்ச்சிக்கு எமகண்டம் இல்லை.

இன்னொரு கொடுமை, வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையைப் பட்டினி போடுவது. போகிற வயிற்றுக்குக் கொடுத்தால் இன்னும் போகும் என்று நினைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுக்காமல், பாலையும் நிறுத்திவிடுகிறார்கள். கஷ்டப்பட்டு ஏறின ஒரு கிலோ ஒரே வாரத்தில் இறங்கிப் போவது இதனால்தான். கரைசலும், 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். பாலையும் சோற்றையும் நிறுத்தாமல் கொடுத்து, போக்கு நின்றபின் சில நாட்களுக்கு ஒரு வேளை அதிகமாயும் கொடுத்தால் இழந்த எடை திரும்ப வரும்.

பந்தியில் நடந்த போராட்டம்

நிற்க. பிள்ளையின் வயிற்றை நிரப்புவது வீட்டுக் காரியம் மாத்திரம்தானா? அல்ல, அது பொதுக்காரியம் என்று முதலில் காட்டியவர்கள் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள். 1920ம் வருஷத்தில் சர். பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னைக் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து பகலுணவு போட்டது. வெள்ளைக்கார சர்க்கார் அந்தச் செலவை ஒப்புக்கொள்ளாததால் 1925ல் அது நின்றது.

அதே 1925ம் வருஷத்தில்தான் சேரன்மாதேவி குருகுலத்துச் சண்டை உச்சத்திலிருந்தது. ஊரார் பணத்தில் நடந்த குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப்பந்தி, மற்றப் பிள்ளைக்கு வேறு பந்தி. பெரியாரும் டாக்டர் வரதராஜுலுவும் அதை எதிர்த்து நின்றது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சோறு என்ற கொள்கை. மறுபக்கம் சோற்றிலும் வர்ணாசிரமம். இந்த நூறு வருஷச் சரித்திரம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடந்த போராட்டம்தான்.

பிறகு 1956ல் காமராசர் மந்திரிசபை பகலுணவைக் கிராமங்களுக்குக் கொண்டு போயிற்று. அன்று கல்வித்துறையை நடத்தியவர் நம்முடைய தோழர் நெ. து. சுந்தரவடிவேலு. 1982 ஜூலை 1ந் தேதி எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989ல் கலைஞர் ஆட்சியில் பதினைந்து நாளைக்கு ஒன்றாக வந்த முட்டை, பின்னால் படிப்படியாய்ப் பள்ளிக்கூட நாளெல்லாம் தினம் ஒன்றாயிற்று. 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கி, அடுத்த வருஷம் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று. கட்சிகள் மாறின, ஆட்கள் மாறினார்கள், சோறு நிற்கவில்லை. ஏன்? நிறுத்தினால் கேட்பதற்கு ஜனங்கள் இருந்தார்கள் என்பதால்தான்.

இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 2015ம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கொடுக்கலாம் என்று யோசனை வந்தபோது, அந்த மாகாண முதன்மந்திரியே கூடாது என்று தடுத்துவிட்டார். முட்டை தின்னாதவர் தின்ன வேண்டாம். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் தான் தின்னாததற்காக ஏழைக் குழந்தையின் தட்டிலிருப்பதை எடுப்பதற்குப் பெயர் ஜீவகாருண்யமா? நம் நாட்டிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மார்தட்ட வேண்டியதில்லை. 2018ம் வருஷத்தில் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கலாட்டா செய்தார்கள். அந்தப் பெண் கைபட்டால் சோறு கெட்டுவிடாது. சாதி புத்தி பட்டால்தான் பிள்ளை கெட்டுப்போகும்.

சோறு போட்டால் மட்டும் போதாது, நிறுத்தும் பார்க்கவேண்டும் என்பதையும் நம் நாடே காட்டியிருக்கிறது. 1980ல் உலக பாங்கியின் கடனுதவியோடு மதுரை ஜில்லாவில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கு விஷயத்தைப் புரியவைத்து, தேறியவுடன் நிறுத்திக்கொண்டார்கள். கடும் மெலிவு குறைந்தது. மந்திரித்துக் குறைந்ததல்ல, கிராமத்துப் பெண்களே தராசைப் பிடித்துப் புள்ளி வைத்துக் குறைத்தது.

வேலூர் காட்டிய பாடம்

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 1969 முதல் 1973 வரையில் வேலூர் டவுனிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் பிறந்தபோதும், சிறு பிராயத்திலும், வாலிபத்திலும் நிறுத்து உயரம் அளந்து எழுதி வைத்தார்கள். இக்கூட்டத்திலுள்ள பெரியவர்களில் சிலரும் அக்காலத்தில் நிறுக்கப்பட்ட குழந்தைகளாய் இருக்கலாம். அவர்கள் 26 முதல் 32 வயதுக்காரர்களான பிறகு, அவர்களில் 2,218 பேரைத் திரும்பத் தேடிப் பிடித்து இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கண்டது என்னவென்றால், சிறு பிராயத்தில் மெலிந்து இருந்து, பின்னால் வேகமாய்ப் பருத்தவர்களிடத்தில் சர்க்கரைக் கோளாறு அதிகமாய் இருந்தது.

இதிலுள்ள பாடத்தை நன்றாய் யோசிக்க வேண்டும். சின்ன வயதில் பட்டினி, பெரிய வயதில் பருமன் என்பதுதான் நம் ஜனங்களுக்கு ஏற்பட்டிருக்கும் கதி. 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை. 22 பேர் வயதுக்கேற்ற எடையில்லை. அதே கணக்கில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில் மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் இருக்கிறார்கள். ஆகையால் மெலிந்த பிள்ளையைக் கண்டு கண்டதையெல்லாம் திணித்து ஊத வைப்பது பரிகாரமாகாது. உயரத்தோடு ஒட்டி எடையும் ஏறவேண்டும். சதையும் எலும்பும் வளரவேண்டுமே தவிர கொழுப்பு மாத்திரம் வளரக்கூடாது.

புதிய மந்திரவாதி

பழைய மந்திரவாதி வேப்பிலையோடு வந்தான். புதிய மந்திரவாதி டப்பாவோடு வருகிறான். "கொழுகொழு குழந்தை", "அமுல் பேபி" என்று நாமும் அவனுக்குப் பிரசாரம் செய்கிறோம். பால்மாவு டப்பாக்காரர்கள் தாய்மாரை மயக்குவதைத் தடுக்க 1981ல் உலக சுகாதார ஸ்தாபனம் விதி செய்தது. 1992ல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. அதன் பிறகு அவன் வேறு வாசல் வழியாய் நுழைந்தான். பாலில் கலக்கும் பொடிகள் உயரம் தரும், அறிவு தரும் என்கிற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். 2024 ஏப்ரலில் மத்திய சர்க்காரே, இந்த மாதிரிப் பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின் கீழ் விற்கக்கூடாதென்று ஆன்லைன் வியாபாரிகளுக்குத் தாக்கீது அனுப்ப வேண்டியதாயிற்று. கலர் பாட்டில்களிலோ நூறு மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஒரு சின்னப் பாட்டில் குடித்தால் ஆறு ஏழு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. தாயத்தை நம்பியவனைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர், டப்பாவின்மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்புகிறார். அச்சில் வந்தால் மட்டும் மூடநம்பிக்கை பகுத்தறிவாகிவிடுமா?

பள்ளிக்கூட எல்லைக்குள்ளும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாதென்று 2020ல் விதி செய்திருக்கிறார்கள். நம் தெருப் பள்ளிக்கூட வாசலில் என்ன தொங்குகிறதென்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.

ஏற்கெனவே எடை கூடிவிட்ட பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். அவனைக் "குண்டா" என்று கூப்பிடுவதும், பத்துப் பேர் நடுவில் தட்டைப் பிடுங்குவதும் சுயமரியாதைக்காரர் வீட்டில் நடக்கக்கூடாது. பிறவியால் ஒருவனை இழிவு செய்யக்கூடாதென்றால் உடம்பாலும் இழிவு செய்யக்கூடாது. வளருகிற பிள்ளையைப் பட்டினி போடவும் கூடாது. பெரும்பாலும் எடையை மேலே ஏறவிடாமல் நிறுத்தினாலே போதும். உயரம் ஏற ஏற உடம்பு சரியாகிவிடும். அதற்கு அவனுக்கு மட்டும் தனிச்சாப்பாடு வைக்காமல் வீடு முழுவதும் ஒரே மாதிரி சாப்பிட வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர், பலகாரத்துக்குச் சுண்டலும் பழமும். செல்போனைக் காட்டி ஊட்டுவதை நிறுத்தி, பசித்தால் உண்ணவும் போதுமென்றால் எழவும் பிள்ளையைப் பழக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிடுகிற பள்ளிக்கூடத்தைப் பெற்றோர் கேள்வி கேட்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை, "இனி ஓடாதே, குதிக்காதே" என்று வீட்டுக்குள் பூட்டி வைத்து, பிறகு அவள் பருத்துவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டார் குறை சொன்னால் அது யார் குற்றம்?

தாய்க்கு நேரம் எங்கே?

இவ்வளவும் கேட்ட தாய்மார்கள், "எல்லாம் சரி, எங்களுக்கு நேரம் எங்கே?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிக்கு விடிந்தும் விடியாமலும் வேன் வந்துவிடுகிறது. கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறவள் எப்படிப் பால் கொடுப்பாள்? கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 2017ம் வருஷத்துச் சட்டத் திருத்தம், சம்பளத்தோடு 26 வாரம் பிரசவ விடுமுறை என்றும், 50 பேருக்குக் குறையாத தொழிலிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொல்லிற்று. 26 வாரமும், தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய ஆறு மாதமும் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். அது சலுகையல்ல, குழந்தையின் உரிமை. சங்கங்கள் போனஸ் கேட்கிறபோதே காப்பகத்தையும் கேட்கவேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெறுவதைத் தவிர, பிள்ளை வளர்ப்பில் ஆண் செய்ய முடியாத வேலை பால் கொடுப்பது ஒன்றுதான். கேழ்வரகை முளைகட்டி மாவாக்கிக் காய்ச்சவும், பருப்பு மசிக்கவும், முட்டை அவிக்கவும் மீசை தடையல்ல. ஆண்பிள்ளைக்கு முட்டை, பெண்பிள்ளைக்கு மிஞ்சின குழம்பு, தாய்க்குச் சட்டியில் ஒட்டினது என்கிற வீட்டு வர்ணாசிரமத்தையும் ஒழிக்க வேண்டும். மெலிந்த பெண்தான் நாளைக்கு எடை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள்.

நாம் செய்ய வேண்டியது

முடிவாக, இன்று கூடியிருக்கும் நாம் செய்ய வேண்டியதாகச் சிலவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் நிறுத்து, அட்டையில் எழுதி வாங்க வேண்டும். அங்கே தராசு பழுதென்றால், மனுவோடு போய்க் கேட்க வேண்டும். கலெக்டர் கச்சேரி நம் சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் போகும் பணத்தை ஒரு மாதம் தனியே உண்டியலில் போட்டுப் பாருங்கள். அது எத்தனை முட்டை, எத்தனை படி பாசிப்பயறு என்று கணக்குப் பாருங்கள். நம் மானாவாரி நிலத்து வேர்க்கடலையும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் எந்த டப்பாவுக்கும் குறைந்தவையல்ல; கேழ்வரகில் அரிசியைவிடப் பன்மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சின்னக் குழந்தைக்குக் கடலையை முழுதாய்க் கொடுக்காமல் பொடித்துக் கொடுங்கள்; தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கஞ்சியைத் தண்ணீராய்க் கொடுக்காமல் கரண்டியில் நிற்கும்படி கொடுத்து, ஒரு கரண்டி எண்ணெயும் விடுங்கள். மீனோ, கோழியோ, மாட்டிறைச்சியோ உங்கள் வீட்டில் வழக்கமானால் பிள்ளைக்கும் மசித்துக் கொடுங்கள். அது கீழான ஆகாரம் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு விஞ்ஞானம் தெரியாது.

மூன்றாவது, இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் எடை ஏறாவிட்டால் கோவிலுக்கு அல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கடும் மெலிவானால் அடுக்கம்பாறை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூச்சி, காசம், இரத்தச்சோகை முதலியவை உள்ளே இருந்தால் எத்தனை முட்டை கொடுத்தும் ஏறாது.

நான்காவது, தெருவுக்கு ஒரு விளையாட்டு இடத்தை விடாமல் காப்பாற்ற வேண்டும். காலியிடம் கண்டால் பிள்ளையார் வைத்துவிடுகிற வழக்கத்துக்குப் பதிலாகப் பந்து ஒன்றை வைத்துப் பாருங்கள்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம். பக்கத்திலுள்ள வைத்தியரைக் கேளுங்கள். உங்கள் குழந்தையையே ஆறு மாதம் நிறுத்துப் பாருங்கள். கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்கள் கண்ணாலேயே காணுங்கள். தாயத்து கட்டின மாதத்தையும், முட்டை கொடுத்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, எது சரியென்று உங்கள் புத்திக்குப் படுகிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள்.